எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை

உலக சுகாதார நிறுவனத்தின் இறப்புத் தரவுத்தளம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடியது. உறுப்பு நாடுகள் 1950 முதல் அனுப்பிவைத்த இறப்புக் கணக்குகள் காரணவாரியாக, வயதுவாரியாக, ஆண் பெண் எனப் பிரித்து அதில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டில் ஓராண்டில் எத்தனை பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று அறிய விரும்பும் ஆய்வாளரும் பத்திரிகையாளரும் மாணவரும் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். ஐந்து நிமிடத்தில் ஓர் எண் கிடைத்துவிடும். அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் காலம் பிடிக்கும்.

அழகாக வரைந்து தரப்படும் வரைபடங்களை விட்டுவிட்டு மூலக் கோப்புகளை இறக்கிப் பார்ப்பது நல்லது. எக்செலில் திறந்தால் சொற்களே இல்லாமல் எண்களாக ஓடும். முதல் பத்தி நாட்டின் குறியீடு. 3160 என்றால் ஜப்பான். பிறகு ஆண்டு. பாலினப் பத்தியில் 1 ஆண், 2 பெண், 9 குறிப்பிடப்படாதவர். காரணம் என்ற பத்தியில் சர்வதேச நோய் வகைப்பாட்டின் குறியீடு. அதற்குப் பிறகு 26 பத்திகள் நீளும். முதலாவதில் எல்லா வயதுகளுக்குமான மொத்த இறப்பு, கடைசியில் வயது தெரியாதவர்கள், நடுவே பச்சிளங்குழந்தை முதல் மூத்தோர் வரை வயது வரிசை.

அந்த வகைப்பாட்டின் பத்தாவது பதிப்பில் தற்கொலைக்கு உரிய இடம் எக்ஸ்60 முதல் எக்ஸ்84 வரை. ஆனால் எல்லா நாடுகளும் அவ்வளவு விரிவாக அனுப்புவதில்லை. சுருக்கப் பட்டியலில் அனுப்பும் நாட்டுக்கு அதே பொருள் 1101 என்ற ஒற்றை எண்ணுக்குள் அடங்கிவிடும். ஒன்பதாவது பதிப்புக் காலத்துக் கோப்பென்றால் பி54 என்று தேட வேண்டும். எக்ஸ் என்ற எழுத்தை மட்டும் தேடுகிறவருக்குச் சில நாடுகளில் தற்கொலையே இல்லாதது போலத் தோன்றும். முயற்சிக்குப் பின் பல மாதம் படுக்கையில் கிடந்து இறந்தவர் இந்த வரிசைக்கு வெளியே, ஒய்87.0 என்ற குறியீட்டில் இருப்பார். மக்கள்தொகை வேறொரு கோப்பில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து வகுத்தால்தான் லட்சம் பேருக்கு இத்தனை என்ற வீதம் கிடைக்கும். முதியவர் நிறைந்த நாட்டையும் இளைஞர் நிறைந்த நாட்டையும் ஒப்பிட வேண்டுமானால் வயதுக்கு ஏற்பச் சீர்செய்யவும் வேண்டும்.

ஒரு நாடு ஓராண்டின் கணக்கை அனுப்பாவிட்டால் அந்த ஆண்டுக்கு வரியே இருக்காது. பூஜ்யமும் இருக்காது. நாம் வரைபடம் வரையும்போது மென்பொருள் முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்துவிடும். இடையில் ஒரு போரோ ஆட்சி மாற்றமோ நடந்திருந்தாலும் கோடு நேராகத்தான் போகும். வரைபடத்தைப் பார்க்கும் யாரும் முதலில் கேட்க வேண்டியது, இதில் எத்தனை ஆண்டுகளின் கணக்கு உண்மையில் வந்தது என்பதே.

ஒழுங்காகக் கணக்கு அனுப்பும் நாட்டிலும் ஒரே எண் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஜப்பானில் 1998-ல் தற்கொலைகள் திடீரென உயர்ந்தன. இறப்புப் பதிவின்படி 1997-ல் 23,494. மறு ஆண்டு 31,755. காவல்துறைக் கணக்கின்படி 24,391-லிருந்து 32,863. இரண்டும் அரசு எண்கள், இரண்டும் சரியானவை. இறப்புப் பதிவு ஜப்பானியக் குடிமக்களை மட்டும் எண்ணுகிறது. காவல்துறை அங்கு வாழும் வெளிநாட்டவரையும் சேர்க்கிறது. முன்னது இறந்தவரின் வீட்டு முகவரியை வைத்து எண்ணும். பின்னது உடல் கண்டெடுக்கப்பட்ட இடத்தை வைத்து. உலகத் தரவுத்தளத்துக்குப் போவது இறப்புப் பதிவு. செய்தித்தாளில் பெரும்பாலும் வருவது காவல்துறை எண். எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரே ஆண்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள், அவர்களில் பெரும்பகுதி நடுவயது ஆண்கள். 1997 நவம்பரில் யமாயிச்சி பங்கு நிறுவனமும் ஹொக்கைடோ தாகுஷோக்கு வங்கியும் அடுத்தடுத்துச் சரிந்து, வேலை என்பது ஆயுள்காலப் பிணைப்பு என்றிருந்த நாட்டில் அந்த நம்பிக்கையும் சரிந்த காலம் அது. வயதுப் பத்திகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததால்தான் யாருக்கு அடி விழுந்தது என்று தெரிந்தது. 2006-ல் தற்கொலைத் தடுப்புக்கென்றே ஜப்பான் ஒரு சட்டம் இயற்றியது. 2019-ல் காவல்துறை எண்ணிக்கை 20,169-ஆகக் குறைந்திருந்தது.

ஜப்பானில் எண்ணும் முறைதான் வேறுபட்டது. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. மாரடைப்பும் காசநோயும் உடலில் தடயம் விட்டுச் செல்லும். தானாக நடந்ததா, தவறி நடந்ததா, வேண்டுமென்றே செய்ததா என்பதை உடலைப் பார்த்து எப்போதும் சொல்ல முடியாது. இறந்தவரின் மனதில் இருந்ததை உயிரோடிருக்கும் ஒருவர் ஊகித்து, படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். ஜான் கிராண்ட் 1662-ல் வெளியிட்ட நூலில் லண்டன் நகரின் 1632-ஆம் ஆண்டு இறப்புப் பட்டியல் இருக்கிறது. தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர் 15 பேர் என்கிறது அது. வீடுவீடாகப் போய் இறந்தவரைப் பார்த்துவந்து காரணம் சொன்ன மூதாட்டிகளை நம்பி எழுதப்பட்ட எண் அது. தற்கொலையால் இறந்தவரின் சொத்து பறிமுதலாகவும், தேவாலய அடக்கம் மறுக்கப்படவும் இடமிருந்த காலத்தில், எத்தனை குடும்பங்கள் அந்த மூதாட்டிகளிடம் வேறு காரணம் சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஊகத்தின் தடுமாற்றத்துக்கும் வகைப்பாட்டில் ஓர் இடம் இருக்கிறது. ஒய்10 முதல் ஒய்34 வரை உள்ள குறியீடுகள் நோக்கம் தீர்மானிக்கப்படாத இறப்புகளுக்கு உரியவை. ஒரு நாட்டின் தற்கொலை எண்ணிக்கையை எடுக்கிறவர் பக்கத்தில் இருக்கும் இந்த வரிசையையும் எடுத்து வைத்துக்கொண்டே ஆக வேண்டும். தற்கொலை குறைந்துகொண்டே வர, இந்தப் பக்கத்து வரிசை அதே வேகத்தில் வீங்கிக்கொண்டே போனால், அங்கே குறைந்தது இறப்பல்ல, எழுதும் துணிச்சல். ரஷ்யத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இந்தச் சந்தேகத்தைத் தொடர்ந்து எழுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வெளிப்படையாகவே ஒரு முடிவெடுத்திருக்கிறது: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நோக்கம் தெரியாத இறப்புகளையும் தற்கொலைக் கணக்கில் சேர்த்தே அது வெளியிடுகிறது. அதனால் லண்டன் சொல்லும் எண்ணும், உலகத் தரவுத்தளத்தில் எக்ஸ் வரிசையை மட்டும் கூட்டி நாம் எடுக்கும் எண்ணும் பொருந்தாது. பொருந்தவில்லை என்றதும் பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இப்போது தரவுத்தளத்தில் இந்தியாவைத் தேடுவோம். பயன்படுத்தத்தக்க வரிசை இல்லை. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் பதிவாகும் இறப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிக்கிறார். பாக்கியெல்லாம் இறந்த தேதியோடும் பெயரோடும் முடிந்துவிடுகின்றன. தற்கொலை வீதத்தை நேரடியாகக் கணிக்கும் அளவுக்குத் தரமான பதிவுள்ள நாடுகள் ஏறத்தாழ 80 என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மற்ற நாடுகளுக்கு மாதிரிக் கணக்கு போட்டு மதிப்பீடு தருகிறார்கள். 2021-ல் உலகெங்கும் 7,27,000 பேர் என்ற எண்ணும் அப்படி மதிப்பிட்டதே. மதிப்பீடு தேவைதான், ஆனால் இணையப் பக்கத்தில் ஜப்பானின் பதிவும் இந்தியாவின் மதிப்பீடும் ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் அருகருகே நிற்கும்போது, ஒன்று எண்ணியது, மற்றது ஊகித்தது என்ற வேறுபாடு படிப்பவர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது.

இந்தியாவின் எண் மருத்துவத் துறையிலிருந்து வருவதில்லை, காவல் நிலையத்திலிருந்து வருகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மற்றும் தற்கொலை மரணங்கள் அறிக்கைதான் மூலம். 2022-ல் 1,70,924 பேர், லட்சத்துக்கு 12.4. இந்த எண்ணின் தோற்றுவாயைத் தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஓர் ஊரில் ஒருவர் இறக்கிறார். தகவல் காவல் நிலையத்துக்குப் போகிறது. உதவி ஆய்வாளர் வந்து பார்த்துப் பஞ்சாயத்தார் முன்னிலையில் விசாரணை அறிக்கை எழுதுகிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174-ஆம் பிரிவு அது. புதிய சட்டத்தில் 194. உடல் அரசு மருத்துவமனைக்குப் போஸ்ட்மார்ட்டத்துக்குப் போகிறது. இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் உள்ள பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை. மறுநாள் செய்தியில் காரணம் வருகிறது: தீராத வயிற்றுவலி.

அந்த வயிற்றுவலியைப் பற்றி நின்று யோசிக்க வேண்டும். வலி தாங்காமல் உயிரை விடுகிறவர்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் அழுதுகொண்டிருக்கும் வேளையில், யார் மீதும் சந்தேகமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய நிலையில், யாரையும் குற்றவாளி ஆக்காத காரணம் ஒன்று எல்லோருக்கும் தேவைப்படுகிறது. கடன்காரர், கணவர், மாமியார், பள்ளி, சாதி என்று எந்தப் பெயரும் வராத காரணம் அது. அந்தக் காகிதம் மாவட்டத்துக்குப் போய், மாநிலத்துக்குப் போய், தில்லியில் 'நோய்' என்ற தலைப்பின் கீழ் கூட்டப்படுகிறது. 2022 அறிக்கையில் குடும்பப் பிரச்சினை 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு. காரணப் பட்டியலை அறிவியல் முடிவாக எடுத்துக்கொள்வதைவிட, காவல் நிலையத்தில் சொல்ல முடிந்த காரணங்களின் பட்டியலாகப் படிப்பதே நேர்மை என்பது என் கருத்து.

தலைப்பை மாற்றினாலே எண் மாறும் என்பதற்கு விவசாயிகள் கணக்கு ஓர் உதாரணம். 2013 அறிக்கையில் விவசாயத்தில் ஈடுபட்டவர்கள் 11,772 பேர் தற்கொலையால் இறந்ததாக இருந்தது. 2014 அறிக்கையில் விவசாயிகள் 5,650 பேர்தான். பாதியாகக் குறைந்துவிட்டதா? அந்த ஆண்டுதான் விவசாயக் கூலித் தொழிலாளர் என்று தனித் தலைப்பு ஏற்படுத்தினார்கள். அதில் 6,710 பேர். இரண்டையும் கூட்டிப் பார்க்காதவர்களுக்கு அது நல்ல செய்தியாகத் தெரிந்திருக்கும்.

காவல் நிலையத்தைத் தொடாமல் இந்தியாவின் உண்மை எண்ணைத் தேடிய முயற்சிதான் பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு. பிரபாத் ஜா தலைமையில், இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துடன் சேர்ந்து நடந்தது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் களப்பணியாளர்கள் இறப்பு நிகழ்ந்த வீடுகளுக்குப் போய், உடனிருந்தவர்களிடம் பேசி, கேள்வித்தாளை நிரப்புவார்கள். கூடவே அந்த மனிதர் எப்படி இறந்தார் என்று வீட்டார் சொன்னதை அந்தந்த மொழியிலேயே அரைப் பக்கத்துக்கு எழுதிக்கொள்வார்கள். அதை இரண்டு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் படித்து, ஆளுக்கொரு குறியீடு தருவார்கள். வேறுபட்டால் மூன்றாவது மூத்த மருத்துவர் தீர்ப்பார். மருத்துவர் பார்க்காத மரணத்துக்கும் இந்த வழியில் எக்ஸ் வரிசைக் குறியீடு கிடைத்தது. காக்கிச் சட்டை இல்லாத ஒருவர், மாதங்கள் கழித்து, திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போது வீட்டார் வேறு விதமாகப் பேசினார்கள்.

இந்த ஆய்வின் தரவைக் கொண்டு விக்ரம் பட்டேல் குழு 2012-ல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவின்படி, 2010-ல் இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் தற்கொலையால் இறந்தவர்கள் சுமார் 1,87,000. காவல்துறை அறிக்கையில் அதே ஆண்டுக்கு எல்லா வயதினரும் சேர்ந்து 1,34,599. விடுபட்டவர்கள் சமமாக விடுபடவில்லை. ஆண்களில் 25 விழுக்காடும் பெண்களில் 36 விழுக்காடும் காவல்துறைக் கணக்குக்குள் வரவில்லை. தற்கொலையால் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்கள்.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை வீடுவீடாகத் தொடர்ந்து கவனித்துவந்தது. கிராமத்திலேயே வாழும் சுகாதாரப் பணியாளர், செவிலியர், மருத்துவர் என்று அடுக்கடுக்காகப் பதிவுசெய்த இறப்புகளைக் கொண்டு, 1994 முதல் 1999 வரை அந்த ஒன்றியத்தில் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 90-க்கும் மேல் என்று 2003-ல் அவர்கள் வெளியிட்டார்கள். நாட்டுக்கு அப்போது சொல்லப்பட்ட எண்ணைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு 10 முதல் 19 வயதினரை மட்டும் பார்த்தது: ஆண் பிள்ளைகளில் லட்சத்துக்கு 58, பெண் பிள்ளைகளில் 148. உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆண்களே அதிகம் இறக்கும் இந்தக் காரணத்தில், நம் ஊர்ப் பெண் பிள்ளைகள் ஆண்களைப்போல் இரண்டரை மடங்கு. பக்கத்துத் தெருவில் நடப்பதைத் தெரிந்துவைத்திருந்த செவிலியர்களின் நோட்டுப் புத்தகம் இல்லாமல் இந்த எண் எந்தத் தரவுத்தளத்திலும் ஏறியிருக்காது. (இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறவர்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் 14416 அல்லது 104 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.)

எண்கள் ஒழுங்காக இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இலங்கையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அங்கே ஊருக்கு ஊர் திடீர் மரண விசாரணை அதிகாரி இருக்கிறார். காவல்துறையும் தனியாகக் கணக்கு வைக்கிறது. 1950-க்கும் 1995-க்கும் இடையில் வீதம் எட்டு மடங்கு உயர்ந்து, லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. 2005-க்குள் அது பாதியாகிவிட்டது. டேவிட் கன்னலும் சகாக்களும் 2007-ல் காரணம் தேடினார்கள். வேலையின்மை, மது, விவாகரத்து, போர் ஆண்டுகள் என ஒவ்வொன்றாக ஒப்பிட்டும் பொருந்தவில்லை. பொருந்தியது ஒன்றுதான்: மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளின் இறக்குமதிக்கு 1995-ல் விதித்த தடையும், 1998-ல் வந்த அடுத்த தடையும். முந்தைய பத்தாண்டோடு ஒப்பிட 1996 முதல் 2005 வரை 19,769 பேர் குறைவாக இறந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்துப் போனார்கள். ஒரு நெருக்கடியான மணிநேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் உயிர்கொல்லி இல்லாமல் இருந்தால், அந்த மணிநேரம் கடந்துபோகிறது. பெரும்பாலானோர் மீண்டும் வாழத் தொடங்குகிறார்கள். விளைச்சலும் இந்தத் தடையால் குறையவில்லை என்று பின்னர் ஆராய்ந்து காட்டினார்கள்.

இலங்கை எண்ணிலும் ஓர் ஓட்டை உண்டு. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து பதிவுகள் முழுமையாக வரவில்லை. அங்கே என்ன நடந்தது என்பதை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் உள்ளூர்ப் பதிவுகளைக் கொண்டுதான் சொல்ல முடிந்தது. போர் உக்கிரமாக இருந்த காலங்களில் அங்கு தற்கொலை குறைந்தது என்று 1995-ல் அவர் எழுதினார். கொழும்பின் தேசியச் சராசரியில் இது தெரியாது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022 அறிக்கையில் தமிழ்நாட்டின் வீதம் லட்சத்துக்கு 25.9, பீகாரில் 0.6. நாற்பது மடங்குக்கு மேல். இந்த இரண்டு எண்களையும் அருகருகே போட்டுத் தமிழர்களின் மனநிலையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. காவல் நிலையமும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கும் மாநிலத்தில் இறப்பு காகிதத்துக்கு வரும். இல்லாத இடத்தில் வராது. அதே சமயம், எல்லாமே பதிவின் வேறுபாடு என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. பட்டேல் குழு வீடுவீடாகப் போய் எடுத்த கணக்கிலும் தென்னிந்தியா உயர்ந்தே இருந்தது. 15 வயது இந்தியர் ஒருவர் 80 வயதுக்குள் தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு ஆண்களில் 1.7 விழுக்காடு என்றால், தென்னிந்திய ஆண்களில் 3.5, பெண்களில் 1.0 என்றால், தென்னிந்தியப் பெண்களில் 1.8. நாற்பது மடங்கு பொய், இரண்டு மடங்கு மெய்.

இனிவரும் ஆண்டுகளின் எண்களைப் படிக்கும்போது இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தால் வலுவிழந்து, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லாமலே போனது. பயம் குறைந்தால் மறைப்பதும் குறையும். எண்ணிக்கை கூடித் தெரியலாம். இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இதே போன்ற கேள்வி வந்தது. மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று முடிவு சொல்லத் தேவையான சான்றின் அளவை நீதிமன்றம் தளர்த்தியது. அந்த ஆண்டின் எண்ணிக்கையும் உயர்ந்தது. தேசியப் புள்ளிவிவர அலுவலகம் பதிவுகளைத் தோண்டிப் பார்த்து, உயர்வு தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று கண்டறிந்தது. இறப்பு நடந்த நாள், பதிவான நாள், முடிவு சொன்ன நாள் மூன்றும் தனித்தனியாக இருந்ததால் அப்படிப் பார்க்க முடிந்தது. நம்மிடம் இருப்பது ஆண்டுக்கு ஒரு மொத்த எண். 2023-ல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், மருத்துவமனையில் நிகழும் ஒவ்வோர் இறப்புக்கும் காரணச் சான்றிதழ் வழங்கி, அதன் நகலை உறவினருக்கும் தர வேண்டும் என்கிறது. தேசிய அளவில் ஒரே தரவுத்தளம் அமைக்கவும் சொல்கிறது. அந்தச் சான்றிதழ்களையும் காவல் நிலையங்களின் விசாரணை அறிக்கைகளையும் மாவட்டவாரியாக, மாதவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையை எந்த மாநிலமும் தொடங்கலாம். கணியம்பாடியின் அனுபவம் கையில் இருக்கும் தமிழ்நாடு முதலில் தொடங்கலாம்.